நாலரை சென்டிமீட்டர்

டேப் அக்காவுக்கு ஒரு சொந்தப் பெயர் இருக்கத்தான் செய்தது. வருகைப் பதிவேட்டைத் திறந்தால் பார்க்கலாம். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் கேட்டைத் திறக்கிறவரிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் டேப் அக்காதான். கழுத்தில் எந்நேரமும் ஓர் அளவு டேப் மாலையாகத் தொங்கும். புதிதாக வருகிற நோயாளிகள் பக்கத்தில் இருப்பவரிடம், "இங்க தையல்காரம்மாவுக்கு என்ன வேலை?" என்று கிசுகிசுப்பார்கள். ஒரு பெரியவர் சட்டைக் கையை நீட்டி, "இது கொஞ்சம் லூசா இருக்கும்மா" என்றே சொல்லிவிட்டார். அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. காலை ஒன்பது மணிக்குள் பதினோரு நெஞ்சை அளந்து முடித்தவளுக்கு இரண்டுக்கும் தெம்பு எங்கிருந்து வரும்?

அவளுடைய அறை இரண்டாம் மாடியில், லிப்டுக்கும் அழுக்குத் துணி மூட்டை கட்டுகிற அறைக்கும் நடுவில் இருந்தது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சக்கரம் வைத்த மேசையில் ஒரு பெட்டி. ஜன்னல் உண்டு, திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர் கைக்கு எட்டும். இந்த லட்சணத்துக்கு வாசலில் 'சிறப்புப் பரிசோதனைப் பிரிவு' என்று பலகை வேறு. பலகை எழுதியவன் உள்ளே வந்து பார்த்திருக்க மாட்டான்.

கட்டிலில் படுக்கிற ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே பாட்டைப் பாடுவாள். இருபத்தாறு வருஷமாக அதே வார்த்தைகள், அதே இடத்தில் மூச்சு.

"கழுத்துல நாலு, விலாவுல நாலு, மொத்தம் எட்டு ஸ்டிக்கர். வெளிப்பக்கம் இருக்கிற நாலு வழியா துளியூண்டு கரண்ட் போகும். பயப்படாதீங்க, உங்களுக்குத் தெரியவே தெரியாது. உள்பக்கம் இருக்கிற நாலும் உங்க நெஞ்சு அந்த கரண்ட்டை எவ்வளவு தடுக்குதுன்னு பார்க்கும். ரத்தம் கரண்ட்டை விட்டுடும், காத்து விடாது. இதயம் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் பெரிய குழாயில ரத்தம் பொங்கி ஏறுது பாருங்க, அப்போ தடை ஒரு பொட்டு குறையும். அந்தப் பொட்டைத்தான் இந்தப் பெட்டி கோடா வரையுது. இப்போ பேசாதீங்க, அசையாதீங்க."

கோடு வரும். மேடும் பள்ளமுமாக, துடிப்புக்குத் துடிப்பு. ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு ரத்தம் வெளியே போகிறது என்று பெட்டி அதிலிருந்து கணக்குப் போடும். கோட்டுக்குக் கீழே இன்னொரு நம்பரும் வரும். அது துடிப்போடு ஆடுகிற தடை அல்ல, நெஞ்சின் மொத்தத் தடை. டேப் அக்காவின் கண் முதலில் போவது அதற்குத்தான். நுரையீரலில் நீர் கோத்தால் அந்த நம்பர் இறங்கும். ஆளுக்கு மூச்சு வாங்குவதற்கு முன்னாலேயே, கால் வீங்குவதற்கு முன்னாலேயே இறங்கிவிடும். இன்றைக்கு இருபத்தெட்டு, அடுத்த வாரம் இருபத்தாறு, அதற்கடுத்த வாரம் இருபத்து நாலு என்றால், அந்த ஆள் வாசலில் நின்று வெற்றிலைப்பெட்டி மாதிரி வாயைத் திறந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் அவருக்குக் கட்டில் தயார் பண்ணிவிடலாம்.

"ஆள் பொய் சொல்லலாம். நல்லா இருக்கேன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. நம்பர் சொல்லாது" என்பாள்.

ஆனால் நம்பர் பொய் சொல்லாமல் இருக்க ஒரு நிபந்தனை உண்டு. ஸ்டிக்கர் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உட்கார வேண்டும். கழுத்து ஸ்டிக்கருக்கும் விலா ஸ்டிக்கருக்கும் நடுவில் தூரம் கூடினால் தடையும் கூடும். நீளமான கம்பி கரண்ட்டை அதிகம் தடுக்கும் அல்லவா, அதே கதைதான். ஈர நெஞ்சுகூட உலர்ந்த நெஞ்சு மாதிரி வேஷம் போட்டுவிடும். அதனால்தான் டேப். அதனால்தான் நீல மைப் பேனா. வாராவாரம் வருகிற நோயாளிகளின் தோலில், நெஞ்செலும்பின் கீழ்நுனிக்கு நேராக, விலாவின் இரண்டு பக்கமும் புள்ளி வைத்துவிடுவாள். "குளிக்கும்போது தேய்க்காதீங்க. அழிஞ்சா நீங்களா வைக்காதீங்க, எங்கிட்ட வாங்க" என்று விரலை ஆட்டிச் சொல்லுவாள்.

ஒவ்வொரு தடவையும் பெட்டி 'நீளம்?' என்று கேட்கும். போன தடவை போட்ட நீளத்தையும் காட்டும். பச்சைப் பட்டனை அழுத்தினால் அதையே எடுத்துக்கொள்ளும். மற்ற ஆஸ்பத்திரிகளில் பட்டனை அழுத்துகிறவர்கள்தான் அதிகம் என்று கேள்வி. அவள் அழுத்தமாட்டாள். முன்பு அவளோடு வேலை பார்த்தவள் ஒரு நாள் அவசரத்தில் அழுத்திவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது மாடி முழுக்கக் கேட்டது. அவளும் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவளுடைய இடத்துக்கு ஆள் போடுகிறோம், போடுகிறோம் என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேர் பார்த்த கூட்டத்தை டேப் அக்கா ஒருத்தி பார்த்தாள். முழங்கால் இரண்டும் சாயங்காலத்துக்குள் தனித்தனியாக அழ ஆரம்பித்துவிடும்.

அவள் இந்த வேலைக்கென்று படித்து வந்தவளும் அல்ல. இருபத்தெட்டு வயதில், கைக்குழந்தையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு, இதே ஆஸ்பத்திரியில் துணி எண்ணும் வேலைக்கு வந்தாள். ஒரு நாள் மரப்பெட்டியில் இந்த இயந்திரத்தின் முதல் தலைமுறை வந்து இறங்கியது. கூடவே தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். டாக்டர்கள் ஆளாளுக்கு அதைப் புரட்டிவிட்டுத் திரும்ப வைத்தார்கள். துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவள் அகராதியும் கையுமாக மூன்று மாதம் படித்தாள். நெஞ்செலும்பின் நுனி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டுமே. புருஷனைச் சட்டையைக் கழற்றச் சொன்னாள்.

"கிச்சுகிச்சு மூட்டாதே" என்று அவர் நெளிந்தார்.

"அசையாதீங்க, பேசாதீங்க" என்றாள். அந்தப் பாட்டின் முதல் கச்சேரி அதுதான்.

அவர் எடைமேடைக்காரர். ஊர் எல்லையில் லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை போடுகிற இரும்பு மேடை. பக்கத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து நம்பரைப் படித்துச் சீட்டுக் கொடுப்பது அவர் வேலை. முப்பது வருஷம் அதே கண்ணாடிக்குள். ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே நைசாக நிறுத்தி எடையைக் குறைக்கப் பார்க்கிற டிரைவர்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிடிப்பார். சாயங்காலம் வீட்டில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து அவரவர் நம்பர்க் கதைகளைச் சொல்லிக்கொள்வார்கள். மகளுக்கு அதெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போய்த்தான் தூர ஊரில் வேலை பார்த்துக்கொண்டு ஓடிவிட்டாள் என்பது அவர் அடிக்கும் ஜோக். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுகிற பெண்ணைப் பற்றி இப்படிச் சொல்ல எப்படித்தான் வாய் வருமோ.

போன வருஷம் அவருடைய இதயம் தளர்ந்துவிட்டது. ஒரு காலையில் பல் தேய்க்கும்போது மூச்சு முட்டிக் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பதினேழு நாள் ஆஸ்பத்திரிவாசம். பிறகு மாத்திரைகள், அளந்து குடிக்கிற தண்ணீர், உப்பில்லாச் சாப்பாடு. "இதைச் சாப்பிட்டுட்டு உயிரோட இருக்கிறதுக்குப் பேர் என்ன?" என்று தட்டைப் பார்த்துக் கேட்பார். சாப்பிட்டும் விடுவார். வியாழக்கிழமைதோறும் டேப் அக்காவின் கட்டிலில் படுத்து நெஞ்சை அளந்துகொள்ள வேண்டும் என்று பெரிய டாக்டர் உத்தரவு. வேறு யார் அளப்பது? அந்த அறையில் இருப்பதே அவள் ஒருத்திதானே.

முதல் ஆறு மாதம் அவள் புருஷன் என்றும் பார்க்கவில்லை. டேப் போட்டாள். இருபத்தொன்பது சென்டிமீட்டர். அடுத்த வாரமும் டேப், அதே இருபத்தொன்பது. வீட்டிலும் ஒரு சடங்கு வைத்திருந்தாள். ஒன்றுவிட்டு ஒரு நாள் அவர் குளித்து முடித்ததும், துண்டோடு கட்டிலில் உட்காரவைத்து, மங்கிப்போன நீலப் புள்ளிகளின் மேல் மறுபடியும் பேனாவை வைப்பாள். அவருக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்துப் பெண்டாட்டி இத்தனை கவனமாகத் தொடுகிறாள் என்றால் எந்த ஆளுக்குத்தான் பிடிக்காது!

ஆனால் நம்பர் இறங்குகிற வாரங்களில் வீடு வீடாக இருக்காது. ஒரு தடவை இருபத்தைந்துக்கு இறங்கியது. அவள் அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்தரைக்கு எழுந்து வேலைக்குப் போனாள், அங்கே நாற்பது நெஞ்சு, திரும்பி வந்து உப்பில்லாச் சமையல், மறுபடியும் எண்ணிக்கை. ஐந்தாம் நாள் பஸ்ஸில் நின்றபடியே தூங்கி, கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டு வந்து நின்றாள். புடைத்திருந்த நெற்றியை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மாத்திரையை ஒன்று கூட்டினார்கள், நம்பர் இருபத்தேழுக்கு ஏறியது. அன்றைக்கு அவள் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் சோபாவில் விழுந்து தூங்கினாள்.

அதற்கு அப்புறம்தான் அவர் சொன்னார். "அந்தப் பேனாவை எங்கிட்ட குடு. கண்ணாடி இருக்கு, புள்ளி இருக்கு, அது மேலயே இன்னொரு புள்ளி வைக்கத் தெரியாதா எனக்கு? நீ போய்க் காலை நீட்டு."

அவள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் விரலை ஆட்டிச் சொன்னவள். முழங்கால் வலித்தது. பேனாவைக் கொடுத்துவிட்டாள்.

கூடவே இன்னொன்றும் நடந்தது. எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கே நினைவில்லை. ஒரு வியாழக்கிழமை, வாசலில் பதினைந்து பேர் காத்திருக்க, பெட்டி 'நீளம்? 29' என்று காட்டியபோது, அவள் விரல் பச்சைப் பட்டனை அழுத்தியது. புருஷன்தானே. முப்பது வருஷமாகத் தெரிந்த உடம்பு. இதற்கு ஒரு டேப்பா? அடுத்த வாரமும் அழுத்தினாள். வேறு எந்த நோயாளிக்கும் காட்டாத சலுகை அது. சலுகை என்று அவள் நினைத்தாள், அவ்வளவுதான்.

நம்பர் இருபத்தேழிலேயே நின்றது. நான்கு வாரம், கடப்பாரையை நட்ட மாதிரி.

அவளுக்கும் நன்றாகத் தூக்கம் வந்தது. அந்தத் தூக்கத்தின் இனிப்பில் பல விஷயங்களைப் பார்த்தும் பார்க்காமல் விட்டாள். அவர் தலைக்கு மூன்றாவது தலையணை வைத்துக்கொண்டார். "கழுத்து வலி" என்றார். அவர்கள் வீடு மூன்றாம் மாடி. படியேறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, யாரோ வெளியே கழற்றிவிட்ட செருப்புகளை உற்றுப் பார்த்தார். "இந்த வீட்டுக்காரர் புதுச் செருப்பு வாங்கியிருக்கார் பாரேன்" என்றார். மூச்சு வாங்குவதை மறைக்க ஊரார் செருப்பை ஆராய்ச்சி பண்ணிய மனுஷன் அவராகத்தான் இருப்பார். காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் பள்ளமாகத் தடம் விழுந்திருந்தது. அவள் விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"மூச்சு வாங்குதா உங்களுக்கு?"

"இல்லையே. நம்பர் எவ்வளவு?"

"இருபத்தேழு."

"அப்புறம் என்ன? நீதானே சொல்லுவே, ஆள் பொய் சொல்லலாம், நம்பர் சொல்லாதுன்னு."

தன் பேச்சே தன்னை மடக்கினால் யாரிடம் போய் முறையிடுவது? பெரிய டாக்டரிடம் தடத்தைப் பற்றிச் சொன்னாள். அவரும் கோட்டைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார். "நிலையா இருக்கேம்மா. காலைத் தொங்கப் போட்டு ரொம்ப நேரம் உட்காரவேண்டாம்னு சொல்லுங்க" என்றார்.

ஐந்தாவது வியாழக்கிழமை. முந்தின நாள் இயந்திரக் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்து பெட்டியைத் திறந்து, என்னவோ புதுசாக ஏற்றிவிட்டுப் போயிருந்தான். போகிற போக்கில் பழைய விவரங்கள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டான். "எல்லாம் பத்திரமா இருக்கும்" என்று சொன்ன அதே வாயால் "ஸாரி மேடம்" என்றும் சொன்னான். காலையிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் வயது, உயரம், எடை எல்லாம் முதலிலிருந்து அடித்து அடித்து அவளுக்கு விரல் நுனி மரத்துவிட்டது.

பதினோரு மணிக்கு அவர் வந்து சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார். படுத்தவுடன் இரண்டு முறை இருமினார். அவள் நீலப் புள்ளிகளின் மேல் ஸ்டிக்கர்களை ஒட்டினாள். பெட்டி கேட்டது: 'நீளம்?' பக்கத்தில் ஒன்றும் இல்லை. வெறும் கட்டம்.

இருபத்தொன்பது என்று அடித்திருக்கலாம். அடிக்கத்தான் போனாள். ஆனால் காலையிலிருந்து ஒவ்வொருவருக்கும் கழுத்திலிருந்து டேப்பை உருவி உருவி, கை தானாக டேப்பை உருவிவிட்டது. கழுத்தில் ஒரு முனை, விலாவில் ஒரு முனை.

முப்பத்து மூன்றரை.

டேப் முறுக்கிக்கொண்டதோ என்று உதறிவிட்டு மறுபடியும் அளந்தாள். முப்பத்து மூன்றரை. இந்தப் பக்கம் வந்து அளந்தாள். அதே. நாலரை சென்டிமீட்டர். ஐம்பத்தெட்டு வயதில் மனுஷன் வளர்கிறானா?

அவள் குனிந்து தோலைப் பார்த்தாள். நெஞ்செலும்பின் நுனியை விரலால் தேடிப் பிடித்து, அங்கிருந்து நேராக விலாப்பக்கம் வந்தாள். அந்த இடத்தில் தோல் சுத்தமாக இருந்தது. சுத்தம் என்றால் சாதாரணச் சுத்தம் இல்லை, நன்றாகத் தேய்த்துக் கழுவி லேசாகச் சிவந்த சுத்தம். புள்ளி மூன்று விரல் கீழே, வட்டமாக, அழகாக, எடைச் சீட்டில் முத்திரை குத்துகிற கவனத்தோடு வைக்கப்பட்டிருந்தது.

"கொஞ்சம் கீழ போயிடுச்சா?" என்றார் அவர், கூரையைப் பார்த்துக்கொண்டே.

அவள் ஸ்டிக்கர்களைப் பிய்த்தெடுத்தாள். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுப் புள்ளிகளைத் துடைத்தாள். சரியான இடத்தில் புதுப் புள்ளி வைத்தாள். ஒன்று நீளமாக இழுத்துக்கொண்டது. புது ஸ்டிக்கர்களை ஒட்டி, டேப் போட்டாள். இருபத்தொன்பது. பெட்டி கொஞ்ச நேரம் யோசித்தது.

இருபத்திரண்டு.

இருபத்திரண்டு நம்பரோடு இந்த மனுஷன் நாலு வாரமாக மூன்று மாடி ஏறி இறங்கியிருக்கிறார். பக்கத்தில் படுத்து அவள் குறட்டை விட்டிருக்கிறாள்.

"ஏன்?" என்றாள். மறுபடியும், "ஏங்க?"

"அசையாதீங்க, பேசாதீங்கன்னு நீதானே..."

"விளையாடாதீங்க!"

வாசலில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் கதவைச் சாத்தினாள். சக்கர நாற்காலி வரவழைத்தாள். அவர் "நடந்தே வரேனே" என்றார். அவள் பார்த்த பார்வையில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பெரிய டாக்டர் உடனே வார்டில் சேர்க்கச் சொன்னார். நீர் இறங்க ஊசி, மூக்கில் குழாய். எல்லாம் ஓடி முடிந்த பிறகு டேப் அக்கா டாக்டரின் அறையில் போய் நின்றாள்.

"சார், நாலு வாரமா நான் நீளம் அளக்கலை. பட்டனை அழுத்தினேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். அவரும் அன்றைக்கு முப்பது பேரைப் பார்த்திருந்தார். "விடுங்கம்மா. எல்லாரும் பண்றதுதான்."

"எல்லாரும் பண்ணட்டும் சார். நான் பண்ணமாட்டேன்னுதானே இத்தனை வருஷம் எல்லாரையும் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே டாக்டரின் மேசையிலிருந்து புருஷனின் கோப்பையும் ஒரு பேனாவையும் எடுத்து, நான்கு தேதிகளுக்கு எதிரேயும் 'நீளம் அளக்கப்படவில்லை. அளவு செல்லாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கோப்பை மூடப்போனவள், பிறகு நினைவு வந்து பேனாவை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னும் எத்தனை நாள் சார் அவருக்கு?"

"நீர் இறங்கட்டும், பார்க்கலாம்" என்றார் டாக்டர். எதற்கும் பார்க்கலாம் என்பவர் அல்ல அவர். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அன்று சாயங்காலம் வார்டில் போய் அவர் கட்டிலருகே நின்றாள். ஊசிக்குப் பிறகு அவருக்கு மூச்சு கொஞ்சம் சீராகியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததுமே அவர் தானாகச் சொல்ல ஆரம்பித்தார். மேடையில் பிடிபட்ட டிரைவர்கள் அப்படித்தான் பண்ணுவார்களாம், அவரே பல தடவை சொல்லியிருக்கிறார்.

"ஒரு தடவை உனக்கு போன் வந்துச்சு, நீ வெளிய போனே. விலா ஸ்டிக்கர் கழண்டுகிட்டுத் தொங்குச்சு. நானே எடுத்து ஒட்டினேன். கொஞ்சம் கீழ ஒட்டிட்டேன் போல. நம்பர் சடார்னு ஏறுச்சு. அடடே, நம்ம மேடையில ஒரு சக்கரத்தை வெளிய விட்ட மாதிரி இருக்கேன்னு தோணுச்சு. நீ வந்து பார்த்துட்டு எல்லாத்தையும் பிச்சு மறுபடி ஒட்டினே. எனக்கு அது மனசுல நின்னுபோச்சு."

"அதனால?"

"அதனாலன்னா... நம்பர் நல்லா இருந்தா நீ தூங்குறே."

அவள் அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"நெத்தியில புடைச்சுக்கிட்டு வந்து நின்னே பாரு, அன்னைக்கு நினைச்சேன். என் நெஞ்சுல தண்ணி கோத்தா கோத்துட்டுப் போகுது. இவளைக் கொன்னுட்டு நான் எதுக்கு இருக்கணும்? முதல்ல ஒரு விரல் அளவுதான் இறக்கினேன். நீ அளந்துடுவேன்னு பயந்துக்கிட்டேதான் படுத்திருந்தேன். நீ அளக்கலை." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ தூங்குறதைப் பார்க்க ஆசையா இருந்துச்சும்மா. அவ்வளவுதான்."

"முட்டாள்" என்றாள் அவள். முப்பத்தோரு வருஷத்தில் அவரை அப்படி அவள் சொன்னதே இல்லை. "முட்டாள், முட்டாள். நீங்க போயிட்டா நான் தூங்கி எந்திரிச்சு யார் முகத்துல முழிக்கிறது? அதைக் கணக்குப் போட்டீங்களா?"

அவர் அதைக் கணக்குப் போடவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

மூன்று நாள் ஊசி போட்டும் நம்பர் இருபத்து மூன்றைத் தாண்டவில்லை. நாலாவது நாள் காலையில் பெரிய டாக்டர் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னார். நீரை இன்னும் கொஞ்சம் இறக்கலாம். ஆனால் ஏற்கெனவே தளர்ந்த இதயம், இந்த நாலைந்து வாரத்தில் இன்னும் இழந்துவிட்டது; அது திரும்பி வராது. வருஷக் கணக்கில் நினைக்க வேண்டாம். மாதங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அவள் தலையாட்டினாள். பிறகு இரண்டாம் மாடிக்குப் போய், அன்றைக்கு வந்த முப்பத்தெட்டு பேருக்கும் பாட்டைப் பாடி, முப்பத்தெட்டு பேருக்கும் டேப் போட்டாள். ஆஸ்பத்திரி அவளுக்கு லீவு கொடுக்கத் தயாராக இருந்தது, பதிலுக்கு ஆள்தான் இல்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து வார்டுக்கு வந்தாள். வெயில் அவர் கால்மாட்டில் விழுந்திருந்தது.

"நம்பர் என்ன?" என்று கேட்டார்.

"இருபத்து மூணு."

"டாக்டர் என்ன சொன்னார்?"

லிப்டில் வரும்போது அவள் ஒரு பதில் தயார் பண்ணி வைத்திருந்தாள். நல்ல பதில், நம்பும்படியான பதில். அவர் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

"வருஷக் கணக்கு இல்லையாம். மாசக் கணக்குதானாம்."

அவர் வெயிலிலிருந்து காலை இழுத்துக்கொண்டார். "சரி" என்றார். பிறகு, "பொண்ணுகிட்ட நானே சொல்றேன். நீ சொன்னா அழுதுடுவே" என்றார்.

"சொல்லுங்க. ஆனா எனக்கு இன்னொரு வாக்கு வேணும். இனிமே உங்க உடம்பைப் பத்தி எங்கிட்ட பொய் சொல்லக் கூடாது. மூச்சு வாங்கினா வாங்குதுன்னு சொல்லணும். செருப்பை எல்லாம் பார்த்துக்கிட்டு நிக்கக் கூடாது."

"சொன்னா நீ முழிச்சுக்கிட்டு உட்காருவியே."

"மாட்டேன். நம்பர் என்னவா இருந்தாலும் நான் தூங்குவேன். சத்தியமா தூங்குவேன். போதுமா?"

"எங்க, தூங்கு பார்ப்போம்."

கட்டிலுக்குப் பக்கத்தில், கூட இருப்பவர்களுக்கென்று ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். ஒரு ஆள் படுத்தால் கால் வெளியே நீட்டும். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்தாள். கண்ணை மூடினாள். உடம்பு முழுக்கத் தூக்கத்துக்கு ஏங்கியது. மனசு ஒரு இமைக்கும் இடம் கொடுக்கவில்லை. மாசக் கணக்கு என்றால் எத்தனை மாதம்? மூன்றா, எட்டா? மூச்சை மெதுவாக இழுத்து, மெதுவாக விட்டாள். இன்னொரு தடவை. ஐந்து நிமிஷம் அப்படியே கிடந்தாள். தூங்குகிறவள் மாதிரியே இருக்கிறோம் என்று அவளுக்கு நம்பிக்கை வந்தது.

"ஏய்" என்றார் அவர் மெதுவாக.

அவள் அசையவில்லை.

"நீ நிஜமா தூங்கும்போது வாய் லேசா திறந்திருக்கும்."

அவள் கண்ணைத் திறக்காமலே வாயைக் கொஞ்சம் திறந்தாள். அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போய், வார்டு சிஸ்டர் தண்ணீரோடு வரும் காலடிச் சத்தம் கேட்டது. எழுந்து ஓட வேண்டும் என்று அவளுக்கு உடம்பெல்லாம் துடித்தது. வாக்குக் கொடுத்தாயிற்று. அந்த இருமல் அடங்கும்வரை வாயைத் திறந்தபடியே படுத்திருந்தாள். கண்ணிலிருந்து வழிந்தது இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது.